முஸ்கோகா ஏரிகளுக்குக் கூப்பிட்ட ரயில் கையேடுகள்

யூன் 3

வந்த கேள்வி இது: ‘பீற்றர்பரோவில் ஒரு கராஜ் சேலில், சமையல் புத்தகப் பெட்டிக்கு அடியில் பழைய ரயில் கையேடு ஒன்று கிடைத்தது. கிராண்ட் ட்ரங்க் கம்பெனி போட்டது. முஸ்கோகா ஏரிகளுக்கு விடுமுறைக்கு வரச்சொல்லிக் கூப்பிடுகிறது. ஆண்டு ஓரிடத்திலும் இல்லை. எப்படிக் கண்டுபிடிக்கலாம்? அல்லது வெறும் விளம்பரம்தானே என்று எறிந்துவிடலாமா?’

எறியாதீர்கள்.

என்னிடமும் அதே கம்பெனியின் கையேடு ஒன்று ஏழு வருடமாக இருக்கிறது. அதிலும் ஆண்டு இல்லை. உள்ளே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பார்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். முதலில் கம்பெனியின் பெயர். ரொறன்ரோவிலிருந்து வடக்கே முஸ்கோகாவுக்குப் போகும் ரயில் பாதை 1888இல்தான் கிராண்ட் ட்ரங்க் கைக்கு வந்தது. 1923இல் கிராண்ட் ட்ரங்க் கனேடியன் நஷனல் என்ற அரசு ரயில் கம்பெனியோடு சேர்ந்துவிட்டது. ஆகவே இடையில் 35 வருடம். அடுத்தது விடுதிகள். ரோசோ ஏரிக்கரை ரோயல் முஸ்கோகா திறந்தது 1901. அல்கொன்குவின் பூங்காவில் கிராண்ட் ட்ரங்க் தானே கட்டிய ஹைலண்ட் இன் 1908. லேக் ஒஃப் பேஸ் பக்கம் வாவா விடுதியும் 1908தான். அதே ஏரியில் பிக்வின் இன் 1920. இந்த நான்கில் எது இருக்கிறது, எது இல்லை என்று பார்த்து எழுதுங்கள்.

என்னுடையதில் ரோயல் முஸ்கோகாவின் படம் இரண்டு பக்கத்துக்கு விரிந்திருக்கிறது. ஹைலண்ட் இன் இல்லை. 1901 அல்லது 1902 என்று வைத்திருக்கிறேன்.

யூன் 4

நேற்று எழுதாமல் விட்டது, கையேட்டை எப்படித் தொடுவது என்பது.

என்னுடையது ஒடுக்கமான நீள் வடிவம், நேரசூசிகை அளவு. ரிக்கெற் கவுண்டருக்குப் பக்கத்து அடுக்கில் நேரசூசிகைகளோடு செருகி வைக்க அதுதான் தோது. முன்னட்டையில் வெள்ளை உடுப்புப் போட்ட ஒரு பெண் வள்ளத்தின் முனையில் இருக்கிறாள். பின்னால் பைன் மரங்கள். அட்டைக்கு மட்டும் கலர், உள்ளே எல்லாம் கறுப்புப் புள்ளிப் படங்கள். உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்தால் ஏரி, வானம், படகு எல்லாம் புள்ளிகளாக உடையும். அந்தப் புள்ளி தெளிவாக விழுவதற்காக வெண்களி பூசிய கடுதாசியில் அச்சடித்திருக்கிறார்கள். மெல்லிய புத்தகம், ஆனால் கையில் பாரம் தெரியும். அந்தக் கடுதாசிக்கு ஈரம் மட்டும் ஆகாது. நனைந்தால் பூச்சு இளகிப் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும், பிறகு பிரிக்கவே முடியாது. நிலக்கீழ் அறையில் வைக்காதீர்கள். ரேப் ஒட்டாதீர்கள். பிளாஸ்டிக் உருக்கி மூடும் வேலையை நினைத்தும் பார்க்காதீர்கள்.

என்னுடையதைப் பிரதி எடுக்க ஒரு கடையில் கொடுத்தேன். மெதுவாக விரிக்கச் சொல்லியும் அந்தப் பையன் கண்ணாடியில் கவிழ்த்து உள்ளங்கையால் ஓர் அமுக்கு அமுக்கினான். முதுகு வெடித்தது. நடுவில் இருந்த துருப்பிடித்த கம்பி கடுதாசியைக் கிழித்துக்கொண்டு வந்தது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இப்போது போனில்தான் படம் எடுக்கிறேன், பக்கத்தைப் பாதி மட்டும் விரித்து.

இன்னொரு பிழை நானே செய்தது. வாங்கிய அன்றைக்கு, பின்பக்க விடுதிப் பட்டியலின் ஓரத்தில் பென்சில் கிறுக்கல் இருந்தது. அழுக்கு என்று நினைத்து அழிறப்பரால் அழித்துவிட்டேன். நீங்கள் ஒன்றையும் அழிக்காதீர்கள்.

யூன் 9

‘வெறும் விளம்பரம்தானே’ என்பதற்குப் பதில் சொல்லாமல் தாண்டிவிட்டேன். விளம்பரம்தான். ஆனால் ரயில் கம்பெனிக்கு ஏரியை விற்கும் தேவை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் கையேட்டின் ஒவ்வொரு பக்கமும் வேறுமாதிரித் தெரியும்.

1868இல் ஒன்ராறியோ இலவசக் காணிச் சட்டம் கொண்டுவந்தது. 18 வயது வந்தவருக்கு 100 ஏக்கர், குடும்பத் தலைவருக்கு 200 ஏக்கர். காட்டை வெட்டி வீடு கட்டிப் பயிர் செய்தால் காணி சொந்தம். ஆட்கள் நம்பி வந்தார்கள். வந்து மண்வெட்டியைப் போட்டால் ஒரு சாண் ஆழத்தில் கல். கனேடியக் கவசப் பாறை அது. அதன் மேல் மண் ஒரு போர்வை மாதிரித்தான் கிடக்கும். மரத்தை வெட்டிய பிறகு அந்தப் போர்வையும் மழையோடு போய்விடும். எங்கள் ஊரில் சுண்ணாம்புக் கல்லை உடைத்து எடுத்துத் தோட்டம் செய்தவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். கல்லுக்குள் பயிர் செய்வது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். ஆனால் இங்கே கல்லுக்கு அடியில் செம்மண் இல்லை. கல்லுக்கு அடியிலும் கல்தான்.

பயிர் கைவிட்ட இடத்தில் விருந்தாளி வந்தான். 1866இலேயே முஸ்கோகா ஏரியில் வெனோனா என்ற நீராவிக் கப்பலை ஏ. பி. கொக்பேர்ன் விட்டிருந்தார். 1870இல் ரோசோ ஏரியின் தலைப்பில் பிராட் என்ற அமெரிக்கர் பெரிய விடுதி கட்டினார். போர்ட் கார்லிங்கில் கப்பல் ஏறி இறங்கும் நீர்ப்பூட்டு 1871இல் முடிந்தது. அதோடு முஸ்கோகா ஏரியும் ரோசோ ஏரியும் ஒரே வழியாயின. முஸ்கோகா ஏரியின் தெற்கு முனையிலுள்ள கிரேவன்ஹேர்ஸ்ட்டுக்கு ரயில் வந்தது 1875. இரண்டாயிரம் மைல் தள்ளியிருப்பவருக்கும் இப்போது கரை எட்டும். பண்ணைக்காரி வீட்டில் இரண்டு அறையை ஒதுக்கிப் பால், முட்டை, கோழி எல்லாவற்றையும் வந்தவர்களுக்கே சமைத்துப் போட்டாள். சந்தைக்குக் கொண்டுபோக முடியாத விளைச்சலுக்குச் சந்தையே வீடு தேடி வந்தது.

ரயில் கம்பெனிக்கு இதில் என்ன? மரம் ஏற்றிய பாதை அது. மரம் வெட்டி முடிந்தால் பாதை வெறுமை. வருடா வருடம் திரும்ப வரும் சரக்கு ஒன்று தேவைப்பட்டது. மனிதர்கள்தான் அந்தச் சரக்கு. அதனால்தான் கையேடு இலவசம்.

என் கட்சி இதுதான்: முன்பக்கத்துப் படங்களைப் பார்த்து மயங்காமல் பின்பக்கத்துப் பட்டியலைப் படியுங்கள். விடுதியின் பெயர், எந்தத் துறை, எத்தனை பேர் தங்கலாம், நாளுக்கு எவ்வளவு, கிழமைக்கு எவ்வளவு. உண்மை அங்கேதான் இருக்கிறது.

யூன் 10

‘இரண்டாயிரம் மைல்’ என்று வேகத்தில் எழுதிவிட்டேன். சரியாகச் சொன்னால், கையேடு குறி வைத்தது ரொறன்ரோ, பஃபலோ, பிட்ஸ்பேர்க் ஆட்களை. பிட்ஸ்பேர்க் இரும்புப் பணம் முஸ்கோகா ஏரியில் போமாரிஸ் பக்கத்துத் தீவுகளில் நிறைய இறங்கியது. அங்கே இன்றைக்கும் ‘மில்லியனர்ஸ் ரோ’ என்றுதான் சொல்கிறார்கள்.

யூன் 12

ஒருவர் கேட்கிறார்: ‘மனிதர் காணாத காடு என்று கையேடு சொல்கிறதே, உண்மையா?’ இல்லை. முஸ்கோகா என்ற பெயரே மஸ்க்வாகி என்ற அனிஷினாபே முதற்குடித் தலைவரின் பெயரிலிருந்து வந்தது. நிலத்தை அரசு ஒப்பந்தம் போட்டு வாங்கியது, அதற்குப் பிறகு குடியேற்றம். இப்போதைக்கு இவ்வளவுதான், வேலைக்குப் போகிறேன்.

யூன் 17

12ஆம் தேதி எழுதியதில் பெரிய பிழை. கிழமை முழுக்க அது என்னைக் குடைந்துகொண்டிருந்தது.

ஒப்பந்தம் போட்டு வாங்கிய பிறகு குடியேற்றம் என்று எழுதினேன். ஒழுங்கு அது இல்லை. குடியேற்றம்தான் முதலில் நடந்தது. முஸ்கோகாவும் சேர்ந்த அந்தப் பெரிய நிலப்பரப்புக்கு வில்லியம்ஸ் ஒப்பந்தங்கள் கையெழுத்தானது 1923இல்தான். 1868இல் இலவசக் காணி கொடுத்தபோது, 1875இல் ரயில் வந்தபோது, 1901இல் ரோயல் முஸ்கோகாவில் முதல் விருந்தாளி மேசையில் உட்கார்ந்தபோது, அந்த நிலம் முறையாகக் கைமாறியிருக்கவில்லை. 1923 ஒப்பந்தமும் நியாயமாக நடக்கவில்லை என்று ஏழு முதற்குடி மக்கள் சமூகங்கள் வழக்குப் போட்டு நின்றன. 2018இல்தான் கனடாவும் ஒன்ராறியோவும் 1.1 பில்லியன் டொலருக்கு இணங்கி மன்னிப்பும் கேட்டன.

நீர்ப்பூட்டுக் கட்டிய போர்ட் கார்லிங்கில் முன்பு ஒபஜேவனுங் என்ற அனிஷினாபே ஊர் இருந்தது. மரக்குற்றி வீடுகள், சோளமும் உருளைக்கிழங்கும் போட்ட தோட்டங்கள். குடியேற்றம் நெருங்க, அந்த மக்கள் ஜோர்ஜியன் விரிகுடாப் பக்கம் பரி தீவுக்குப் பெயர்ந்தார்கள். என் கையேட்டில் போர்ட் கார்லிங்குக்கு ஒன்றரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறது. நீர்ப்பூட்டு வருகிறது, கடைகள் வருகின்றன, மீன் வருகிறது. கோடையில் முதற்குடிப் பெண்கள் கூடை விற்கிறார்கள் என்றும் ஒரு வரி வருகிறது, அது வடிவான காட்சி என்று. அந்தப் பெண்கள் தங்கள் பாட்டன் தோட்டம் இருந்த இடத்திலேயே நின்று கூடை விற்றிருக்கக்கூடும் என்பது இல்லை.

இதை ஏன் விடாமல் எழுதுகிறேன் என்றால், எங்கள் வீட்டுக் காணியையும் ‘யாரும் இல்லாத இடம்’ என்று ஒரு காலம் சொன்னார்கள். நாங்கள் போக முடியாமல் இருந்தோம், அவ்வளவுதான். அந்தச் சொல்லைக் கண்டால் எனக்கு உடனே சந்தேகம் வரும். 12ஆம் தேதி வராமல் போனதுதான் எனக்கு வருத்தம்.

யூன் 24

என் கையேட்டின் ஆண்டைப் பற்றி நான் சொன்னதும் பிழை. 1901, 1902 அல்ல.

ரயில்வேயில் வேலை செய்து ஓய்வுபெற்ற அண்ணை ஒருவர், ‘படத்தை நம்பாதே, ஒரே அச்சுக்கட்டையைப் பத்து வருடம் போடுவார்கள், எழுத்தைப் படி’ என்றார். திரும்ப இருந்து படித்தேன். கப்பல் பட்டியலில் சகமோ இருக்கிறது. முஸ்கோகா ஏரிகளில் ஓடியதில் மிகப் பெரிய நீராவிக் கப்பல் அது. நாள் முழுக்க நூறு மைல் சுற்றிக் காட்டியதும் அதுதான். வெள்ளோட்டம் 1906. அதுபோல, ஹன்ட்ஸ்வில் பக்கம் இரண்டு ஏரிகளுக்கு நடுவே ஒன்றே கால் மைல்கூட இல்லாத குட்டி ரயில் ஒன்று ஓடியது. 1905இல் தொடங்கியது அது. பெட்டி படுக்கையோடு ஒரு கப்பலில் இறங்கி, அந்த ரயிலில் ஏறி, மேட்டைத் தாண்டி, மற்றக் கப்பலில் ஏற வேண்டும். அதைப் பற்றியும் அரைப் பக்கம் இருக்கிறது. ஏழு வருடம் கையில் வைத்திருந்தும் நான் அதைப் படிக்கவில்லை, படத்தைத்தான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே 1906க்கு முன் அல்ல. ஹைலண்ட் இன் இல்லை, அதனால் 1908க்குப் பின்னும் அல்ல. 1906 அல்லது 1907.

யூன் 25

‘1906இலேயே கனேடியன் நோர்தர்ன் ரயிலும் முஸ்கோகாவுக்கு வந்துவிட்டதே, உங்கள் வரைபடத்தில் அது இல்லையென்றால் 1906க்கு முந்தியதுதானே?’ என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. ஆனால் ரயில் கம்பெனி வரைபடத்தில் எதிரியின் பாதையைத் தேடக்கூடாது. தன் பாதையைத் தடித்த கறுப்பில் நேர்கோடாக இழுப்பார்கள். நெளிவு சுளிவு எல்லாம் நிமிர்ந்துவிடும். அடுத்தவன் பாதை ஒரு மயிரிழையாக வரும், அல்லது வராமலே போகும். வரைபடத்தில் இல்லாததை வைத்து ஆண்டு சொல்லாதீர்கள். விடுதியும் கப்பலும் அப்படி அல்ல. அவை கம்பெனிக்குக் காசு. ஒன்று திறந்தால் மறுநாளே எழுத்தில் ஏறிவிடும்.

யூலை 2

உயரம். ‘கடல்மட்டத்திலிருந்து 1000 அடி’ என்று கையேட்டில் மூன்று இடத்தில் போட்டிருக்கிறது. முஸ்கோகா ஏரியின் மட்டம் 225 மீற்றர், அதாவது 740 அடிக்கும் குறைவு. உயரம் கூடினால் காற்றுச் சுத்தம் என்று அந்தக் காலத்து டொக்டர்களும் நம்பினார்கள். அந்த நம்பிக்கையின் மேல் ஏறி நின்று 260 அடியைக் கூட்டியிருக்கிறார்கள்.

யூலை 16

நேற்று அம்மாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு கிரேவன்ஹேர்ஸ்ட் போய் வந்தேன். காரில்தான். அங்கே போன கடைசிப் பயணிகள் ரயில் 2012 செப்டெம்பரில் நின்றுவிட்டது. 400ஆம் நெடுஞ்சாலையில் சனிக்கிழமைக் காலை நெரிசலில் மூன்று மணித்தியாலம்.

முஸ்கோகா வார்ஃப் என்ற துறையில் அந்தக் காலத்தில் ரயில் தண்ணீர் விளிம்புவரை வருமாம். இந்தக் கதவால் இறங்கி, பத்து அடி நடந்து, கப்பலில் ஏறலாம். அந்த ஒரு வசதியைத்தான் கையேடு திரும்பத் திரும்பச் சொல்கிறது. இப்போது தண்டவாளம் இல்லை. கடைகளும் ஒரு காட்சியகமும் இருக்கின்றன. ஆனால் செக்வுன் நிற்கிறது. 1887இல் நிப்பிசிங் என்ற பெயரில் பக்கச் சக்கரக் கப்பலாகக் கட்டி, 1925இல் மாற்றி அமைத்துச் செக்வுன் ஆக்கினார்கள். 1958இல் ஓட்டம் நின்றது. பிறகு திருத்தி 1981இலிருந்து திரும்ப ஓடுகிறது. இன்றைக்கும் நிலக்கரிதான் எரிக்கிறார்கள். எஞ்சின் அறைக்கு மேலே நின்று பார்க்கலாம். எண்ணெய் பூசிய பித்தளையும் இரும்பும் ஏறி இறங்குகின்றன. ஆனால் தளத்தில் ஓர் அதிர்வுகூட இல்லை. கரிப்புகை மணம் ஒருமுறை மூக்கில் ஏறியதும் அம்மா, ‘எங்கட பழைய ரெயின் மணம்’ என்றார்.

கப்பல் ஒடுக்கத்தைத் தாண்டி ஏரி விரிந்ததும் அம்மா கேட்ட கேள்வி: ‘இவ்வளவு பெரிய குளத்துக்குக் கட்டு எங்க இருக்கு?’ மகள் சிரித்தாள். அவள் சிரித்தது பிழை. அம்மாவின் ஊரில் கட்டு இல்லாத குளம் இல்லை. கட்டு இருந்தால் அதைக் காக்க ஆள் இருக்க வேண்டும், ஆள் இருந்தால் தண்ணீர் யாருக்கு எப்போது என்ற கணக்கும் இருக்க வேண்டும். முஸ்கோகா ஏரிக்கும் கட்டு உண்டு. பாலா என்ற ஊரில் அணை போட்டுத்தான் தண்ணீரின் மட்டத்தைப் பிடித்திருக்கிறார்கள். இயற்கை அப்படியே தந்த ஏரி என்று சொல்லும் கையேடு, பாலா அருவியின் படத்தை அணை தெரியாத பக்கத்திலிருந்து எடுத்திருக்கிறது. வீட்டுக்கு வந்து அந்தப் படத்தைப் பார்த்தபோதுதான் எனக்கே விளங்கியது. கேட்டது அம்மா.

யூலை 17

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு யாழ்தேவி பற்றி மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். 1956இல் தொடங்கி 1990இல் நின்ற ரயில், யாழ்ப்பாணத்துக்குத் திரும்பப் போனது 2014இல்தான். அம்மா அதில் கொழும்புக்குப் போய் வந்த கதைகளுக்குத் தனி இழை வேண்டும். ஒன்று மட்டும் இங்கே சொல்கிறேன். பாதை நின்றபோது தண்டவாளத்தையும் சிலிப்பர்க் கட்டையையும் கழற்றி எடுத்துப் பதுங்குகுழிக்கு மேலே அடுக்கினார்கள். கிரேவன்ஹேர்ஸ்ட் துறையில் தண்டவாளம் இருந்த இடத்தில் நின்று அம்மா குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது அதனால்தான்.

ஓகஸ்ட் 27

‘இங்கே ஹே ஃபீவர் இல்லவே இல்லை’ என்று கையேடு சொல்கிறது. பச்சைப் பொய் என்று யூனிலேயே எழுதவிருந்தேன். நல்லவேளை எழுதவில்லை.

மகளுக்கு ஓகஸ்ட் நடுவில் தும்மல் தொடங்கும். ராக்வீட் பூந்தூள்தான் காரணம், முதல் உறைபனி விழும்வரை விடாது. இந்தக் கிழமை நாலு நாள் ரோசோ ஏரிப் பக்கம் ஒரு நண்பர் வீட்டில் இருந்தோம். முதல் நாள் தும்மினாள். இரண்டாம் நாள் குறைந்தது. மூன்றாம் நாள் குளிசை இல்லாமல் நித்திரை கொண்டாள். ஸ்காபரோ வந்து காரால் இறங்கி இருபது நிமிடத்தில் கண் சிவந்துவிட்டது.

ராக்வீட் உழுத நிலத்திலும் தெருவோரத்திலும் வீடு கட்டக் கிளறிய மண்ணிலும் வருகிற செடி. கல்லும் காடுமாகக் கிடக்கும் இடத்தில் அதற்கு வேலை குறைவு. எந்தக் கல் குடியேறியவர்களின் பயிரைக் கெடுத்ததோ அதே கல்தான் விருந்தாளியின் மூக்கைக் காத்தது. ‘இல்லவே இல்லை’ என்பது மிகை. ஆனால் வெறும் பொய் அல்ல. ஒருவருக்கு மூன்று இரவு நல்ல நித்திரை என்றால் அதற்கு ரயில் ஏறிப் போகலாம்.

காற்றைப் பற்றி இன்னும் ஒன்று. கனடாவின் முதல் காசநோய் மருத்துவமனை 1897இல் அதே கிரேவன்ஹேர்ஸ்ட்டில், அதே ஏரிக்கரையில் திறந்தது. அதே ரயிலில் அவர்களும் வந்தார்கள், இருமிக்கொண்டு. என் கையேட்டில் அந்த மருத்துவமனை பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஒரே காற்றை இரண்டு கூட்டத்துக்கு விற்க வேண்டியிருந்தது. ஒரு கூட்டத்துக்கு மற்றக் கூட்டம் வருவது தெரியக்கூடாது.

செப்டெம்பர் 4

‘நாங்கள் அந்தக் காலத்தில் போயிருந்தால் அறை தந்திருப்பார்களா?’ என்று ஒருவர் கேட்டார். தந்திருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். யூதர்களுக்கே இடமில்லை என்று ஒன்ராறியோவின் பல கோடை விடுதிகள் வெளிப்படையாக எழுதி வைத்திருந்தன. அப்படிப் பலகை வைப்பதையும் விளம்பரம் போடுவதையும் மாகாணச் சட்டம் தடுத்தது 1944இல். என் கையேட்டில் அப்படி நேராக இல்லை. ‘தெரிந்தெடுத்த விருந்தாளிகள்’ என்று நான்கு விடுதிகளுக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறது. யார் தெரிந்தெடுப்பது என்று போடவில்லை.

செப்டெம்பர் 10

கேட்டவர் கடைசியாகப் பதில் போட்டிருக்கிறார். அவருடைய கையேட்டில் ரோயல் முஸ்கோகா, ஹைலண்ட் இன், வாவா மூன்றும் இருக்கின்றன. பிக்வின் இன் இல்லை. அப்படியென்றால் 1908க்கும் 1919க்கும் இடையில். அல்கொன்குவின் பக்கத்தில் நொமினிகன், மினசிங் என்ற இரண்டு மரவீட்டு முகாம்கள் வருகின்றன என்கிறார். அவை 1913இல் கட்டியவை. ஆகவே 1913க்கும் 1919க்கும் இடையில். இன்னும் குறுக்க வேண்டுமென்றால் கடைசிப் பக்கத்து முகவர் பெயர்களைக் கிராண்ட் ட்ரங்க் நேரசூசிகைகளோடு ஒப்பிடுங்கள். அவற்றில் தேதி இருக்கும்.

உங்கள் பட்டியலில் உள்ளவை இப்போது எங்கே என்று கேட்டீர்கள். வாவா 1923இல் எரிந்தது, உயிர்களும் போயின. ரோயல் முஸ்கோகா 1952இல் எரிந்தது. எல்லாமே மரக் கட்டடம். ஹைலண்ட் இன் எரிந்து விழவில்லை. காருக்குத் தெரு வந்தது, ரயில் குறைந்தது, 1956இல் அரசு வாங்கி அடுத்த வருடம் பிரித்து எரித்துவிட்டது. அந்த இடத்தில் பைன் கன்று நட்டார்கள். இப்போது போனால் கேஷ் ஏரிக்கரையில் வரிசை வரிசையாக ஒரே வயதுப் பைன் மரங்கள் நிற்கும். காடு அப்படி வரிசையில் முளைக்காது.

செப்டெம்பர் 24

யூன் 4இல் அழித்ததாகச் சொன்ன பென்சில் கிறுக்கல்.

நேற்றிரவு கரண்ட் போய்விட்டது. கையேடு மேசையில் திறந்தபடி கிடந்தது. ரோச் லைற்றை மேசையில் படுக்க வைத்திருந்தேன். வெளிச்சம் கடுதாசியின் மேல் சாய்வாக விழுந்ததும் பட்டியலின் ஓரத்தில் எழுத்து எழும்பி வந்தது. கரியைத்தான் அழித்திருக்கிறேன், பென்சில் அழுத்திய பள்ளம் அப்படியே இருக்கிறது. ரோச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி இரண்டு மணித்தியாலம் இருந்து பார்த்தேன்.

மூன்று கணக்கு இருக்கிறது. முதலாவது ரோயல் முஸ்கோகாவுக்கு நேரே. அதன் கிழமைக் கட்டணத்தை மூன்றரையால் பெருக்கியிருக்கிறார். மூன்றரை என்றால் இரண்டு பெரியவர், அரை ரிக்கெற்றில் மூன்று பிள்ளைகள். விடை வந்ததும் குறுக்கே ஒரு கோடு. இரண்டாவது, பட்டியலின் நடுவில் போமாரிஸ் பக்கத்து விடுதி ஒன்றுக்கு நேரே. அதையும் மூன்றரையால் பெருக்கி, அதையும் வெட்டியிருக்கிறார். மூன்றாவது அடியில், கிழமைக்கு ஆறு டொலர் வாங்கும் ஒரு பண்ணைவீடு. ஆறு தர மூன்றரை, இருபத்தொன்று. அந்தக் காலத்துக் கூலித் தொழிலாளிக்கு ஏறக்குறைய இரண்டு கிழமைச் சம்பளம். இதில் கோடு இல்லை. இருபத்தொன்றைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறது. வட்டத்தை இரண்டு முறை சுற்றியதால் பள்ளம் ஆழமாக இருக்கிறது.

வட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு நாள் எழுதியிருக்கிறது: திங்கள், ஓகஸ்ட் 5.

நாட்காட்டியைப் பார்த்தேன். 1906இல் ஓகஸ்ட் 5 ஞாயிறு. 1907இல் திங்கள். 1901இலும் திங்கள்தான். நான் முதலில் சொன்ன ஆண்டு அது. ஆனால் சகமோ பட்டியலில் இருப்பதால் 1901 ஆகாது. ஆகவே 1907. கேட்டவர் தன்னுடையதையும் இருட்டில், ரோச்சைச் சாய்த்துப் பிடித்து ஒருமுறை பார்க்கட்டும். பட்டியல் பக்கத்தில், அடியிலிருந்து மேலே.